குடியுரிமை என்று நான் எழுதிய சொல்

நடுவில் சிவப்புக் கோடு ஓடும் அந்தக் கொப்பியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. இங்கே ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் பிறமொழிச் சொற்களைப் பாடமாக்குவதற்கு வாங்குகிற மெல்லிய கொப்பி. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் இன்னொன்று. இடது பக்கத்தில் ஜெர்மனில் அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டு கிடந்தது. வலது பக்கத்தில், என் கையெழுத்தில், அதற்குத் தமிழ். பெண்களின் வாக்குரிமை, மதுவிலக்கு, பொருளாதாரப் பெருவீழ்ச்சி, நிறப் பாகுபாடு, வியட்நாம் போர். ஒரு தேசம் நூறு வருடங்களாகக் கத்தியதையும் சுட்டதையும் ஊர்வலம் போனதையும் நான் முப்பது தாளுக்குள் மடித்து, டோர்ட்மண்டில் ஒரு மூன்றாம் மாடிச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் மச்சாள், என் அண்ணையின் மனைவி. எங்கள் வழக்கத்தில் நானும் அவருக்கு மச்சாள்தான். வாங்கிய கையில் மஞ்சள்தூள் இருந்தது. முதல் பக்கத்திலேயே பெருவிரல் பதிந்துவிட்டது. அதற்கும் நான் முகத்தைச் சுளித்தேன்.

மச்சாள் ஒரு முதியோர் இல்லத்தில், நிலத்துக்குக் கீழே இருந்த சமையலறையில் வேலை செய்தார். மேலே மூன்று மாடிகளில் கிழவர்களும் கிழவிகளும் படுத்திருந்தார்கள். கீழே அவர்களுடைய உருளைக்கிழங்கு வெந்தது, பக்கத்தில் மச்சாள் வெந்தார். ஒருநாள் மேலே ஆள் பற்றாமல் சாப்பாட்டுத் தட்டை இவரே கொண்டுபோக வேண்டி வந்தது. ஒரு கிழவி இவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இவரும் விடுவிக்கவில்லை, குனிந்து தலையணையைச் சரிசெய்து, கழுத்தடியில் கையைக் கொடுத்து நிமிர்த்தியிருக்கிறார். பொறுப்பாளர் வந்து, சமையலறை ஆட்கள் இங்கே ஒருவரையும் தொடக் கூடாது, அது விதி என்று சொல்லிக் கீழே அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து மச்சாள் சொன்னது ஒன்றுதான்: "நான் மேல போகவேணும்."

மேலே போவதற்குத் தாதியர் பயிற்சி வேண்டும். அவுஸ்பில்டுங் என்கிற அந்தப் பயிற்சியில் சேருவதற்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். ஆகவே நாற்பதை நெருங்கும் வயதில் மாலைப் பள்ளியில் சேர்ந்தார். கணக்கில் தேறினார், ஜெர்மனில் தட்டுத்தடுமாறித் தேறினார், வரலாற்றில் தொங்கினார். எழுத்துப் பரீட்சை அரைகுறை. வாய்மொழிப் பரீட்சையில் தேறினால் சான்றிதழ், தவறினால் திரும்பவும் உருளைக்கிழங்கு. வாய்மொழிக்கு ஒதுக்கிய பகுதி அமெரிக்கா. ஜெர்மனியில் கிழவர்களைத் தூக்கி நிமிர்த்துவதற்கு அமெரிக்கா எதற்கு என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெம்பில்லை. கடதாசி கேட்கிற நாட்டில் கடதாசியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

மச்சாளின் ஜெர்மன், சமையலறை ஜெர்மன்: சூடு, கவனம், கெதியாக, முடிந்தது. முதலில் தமிழில் விளங்கினால்தான் ஜெர்மனில் வாய் வரும் என்றார். நான் அப்போது வுப்பர்டாலில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, சிற்றிதழ்களுக்குக் கவிதை அனுப்பிக்கொண்டு, தமிழ்ச் சொற்களுக்கெல்லாம் நானே காவல் என்ற நினைப்பில் திரிந்த காலம். ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் ரயிலேறிப் போவேன். அவர் அடுப்படியில் நிற்பார், நான் மேசையில் இருந்து கேள்வி கேட்பேன். ஆனால் கேள்வி கேட்டவர் அவர்தான். எதையும் பாடமாக்க மாட்டார், விசாரிப்பார். மதுவிலக்கு என்றால், "கடையைப் பூட்டினா வீட்டுக்கு வீடு கசிப்புக் காய்ச்சுவாங்கள். இது விளங்க அவங்களுக்குப் பதின்மூண்டு வருசம் எடுத்ததோ?" பெருவீழ்ச்சியின் ஜெர்மன் பெயரில் டிப்ரஷன் என்ற சொல் இருந்ததால், அமெரிக்கா முழுவதும் மனவருத்தத்தில் படுத்துக் கிடந்தது என்றே இரண்டு கிழமை நினைத்துக்கொண்டிருந்தார். திருத்தினேன். வேலை போய், வீடு போய், சூப்புக்கு வரிசையில் நின்றார்கள் என்றேன். "அப்ப மனவருத்தமும் இருந்திருக்கும்தானே" என்றார். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த பாடத்தில், முதல் வோட்டைப் புருசன்மார் காட்டிய ஆளுக்குப் போட்டார்களா, தங்கள் விருப்பத்துக்குப் போட்டார்களா என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை என்றேன். "அதுதானே முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் பருப்பை இறக்கினார். வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கிய பாடத்துக்கு மட்டும் ஒரு கேள்வியும் இல்லை. போரைப் பற்றி அவர் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அன்று பாடம் சீக்கிரம் முடிந்தது, முந்திய ரயிலைப் பிடித்தேன்.

பிறகு அந்தச் சொல் வந்தது. கறுப்பின மக்கள் பஸ்ஸில் இருக்கையை விட்டு எழும்ப மறுத்தது, தங்களுக்குப் பரிமாறாத உணவகங்களில் போய் உட்கார்ந்து எழும்பாமலே இருந்தது, பிள்ளைகள் வசவுக்கு நடுவே பள்ளிக்கூடப் படியேறியது, தலைநகரில் கடல்போலக் கூடி நடந்தது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெர்மன் புத்தகம் ஒரு தலைப்புப் போட்டிருந்தது: பியூர்கர்ரெக்ட் இயக்கம். பியூர்கர் என்றால் குடிமகன், ரெக்ட் என்றால் உரிமை. நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. சிவப்புக் கோட்டுக்கு வலப்பக்கம் 'குடியுரிமை இயக்கம்' என்று எழுதி, கீழே அழகாக அடிக்கோடும் இழுத்தேன்.

மச்சாள் அந்தச் சொல்லில் விரலை வைத்தார்.

"இந்தச் சனம் அங்கையே பிறந்ததுகள்தானே?"

ஓம் என்றேன்.

"தாய் தேப்பனும் அங்கைதான்?"

பாட்டன் பூட்டனும் அங்கேதான் என்றேன்.

"அப்ப அதுகளுக்குக் குடியுரிமை இல்லையோ?"

இருந்தது, சட்டத்தில் எப்போதோ கொடுத்துவிட்டார்கள் என்றேன்.

"குடுத்ததைப் பிறகேன் கேட்டு நடந்ததுகள்?"

நான் அடுத்த தலைப்புக்குத் தாளைப் புரட்டினேன். பதில் தெரியவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவும் இல்லை. அடுத்த ஞாயிறும் அதே கேள்வி. மூன்றாவது ஞாயிறு, பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்க, திரும்பவும் அதே கேள்வி. என் பொறுமை அறுந்தது. "மச்சாள், நீங்கள் சோதினை பாஸ் பண்ண வேணுமோ, அமெரிக்காவைத் திருத்த வேணுமோ? எழுதினதைப் பாடமாக்குங்கோ." அவர் கொப்பியை மூடி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

அந்தச் சொல்லை அவருக்கு முன்னால் வைக்கும்போதாவது எனக்குக் கை நின்றிருக்க வேண்டும். மச்சாளின் குடும்பம் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து பறித்த தமிழர்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டு இல்லாமல் செய்தார்கள். மச்சாளின் அப்பா எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் வளர்ந்து, கலவரத்துக்குப் பயந்து கிளிநொச்சிக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கி, எந்த நாட்டுக்காரரும் இல்லாமலே செத்தவர். நாங்கள் யாழ்ப்பாணம். கிளிநொச்சிக்கு வேலைக்குப் போன அண்ணை மச்சாளை விரும்பிக் கட்டியதை அம்மா ஜெர்மனிக்கு வந்து, அவர் வீட்டிலேயே இருந்து, அவர் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டும் மன்னிக்கவில்லை. மச்சாள் எங்களைப் போலவே "ஓம்" என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மட்டும் மலையகத்து "ஆமா" வாய் தவறி வரும். அந்த "ஆமா"வுக்காக அம்மா காத்திருப்பார். விழுந்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நானும் திருப்பிச் சிரித்திருக்கிறேன்.

பரீட்சை அறையில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்களாம். மடித்த துண்டுகளில் ஒன்றை எடுக்கச் சொன்னார்களாம். எடுத்த துண்டில் அந்தச் சொல். மச்சாள் திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதவடியில் நின்று நடந்ததைச் சொன்னார். கறுப்பின மக்களின் குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள், அதைத் திரும்பக் கேட்டு நடந்தார்கள் என்று சொல்லியிருக்கிறார். என் சொல்லை வைத்துக்கொண்டு அவருடைய கேள்விக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பதில் அதுதான். பறித்தார்களா, யார், எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த பறிப்பு ஒன்றே ஒன்று. அப்பாவைச் சொல்லியிருக்கிறார். தோட்டத்தை, வரிசை வீடுகளை, கடதாசி இல்லாமல் போனதை, தனக்கிருந்த சமையலறை ஜெர்மனில் சொல்லியிருக்கிறார். கொடுத்த நேரம் அதிலேயே கரைந்துவிட்டது. தேறவில்லை.

நான் சிரித்தேன். அதை இங்கே எழுதாமல் விட முடியாது. அமெரிக்காவைக் கேட்டால் தேயிலைத் தோட்டத்தைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்களே என்றேன். "தோட்டக்காட்டாளுக்கு வேற என்ன தெரியும்" என்றார் அம்மா, உள்ளே இருந்து, எல்லாருக்கும் கேட்கிற அளவான குரலில். அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். மச்சாள் சப்பாத்தைக் கழற்றி நேராக வைத்துவிட்டு உள்ளே போனார். கஷ்டமான துண்டு வந்திட்டுது என்றுதான் பிறகு விசாரித்தவர்களுக்கெல்லாம் சொன்னார். திரும்ப எழுதும்படி அண்ணை ஒருதரம் கேட்டார். பிள்ளைகள் சின்னன், வேலை நேரம் மாறிவிட்டது என்று காரணங்கள் வந்தன. நானோ அதைப் பகிடியாக்கினேன். பிறந்தநாள், சாமத்தியவீடு, புத்தக வெளியீடு என்று நாலு தமிழர் கூடிய இடமெல்லாம், எங்கட மச்சாள் அமெரிக்கக் கறுப்பருக்கு விசா எடுத்துக் குடுத்த கதை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று பழகிவிட்டிருந்தது. மச்சாள் பலகாரத் தட்டோடு நடுவில் போய்வந்துகொண்டிருப்பார்.

போன வருடம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் பற்றிய ஒரு படக்கண்காட்சிக்குத் தமிழில் துண்டுப்பிரசுரம் எழுதித் தரக் கேட்டார்கள். அதே சொல்லை அதே வேகத்தில் எழுதினேன். சென்னையிலிருந்து வந்து இங்கே ஆய்வு செய்கிற மாணவி ஒருத்தி பிழை பார்த்தாள். தலைப்பிலேயே பென்சில் நின்றுவிட்டது. "அக்கா, குடியுரிமைன்னா சிட்டிசன்ஷிப் இல்லையா? இது சிவில் ரைட்ஸ். ரெண்டும் வேற வேறயாச்சே" என்றாள், தான்தான் ஏதோ தப்பு விட்டதுபோல.

குடியியல் உரிமை. பள்ளிக்கூடத்தில் குடியியல் என்று ஒரு பாடமே படித்தவள் நான். குடியுரிமை என்பது நீ இந்த நாட்டு ஆள் என்று சொல்கிற கடதாசி. மற்றது, அந்தக் கடதாசி வைத்திருப்பவர் எல்லாரையும் போல பஸ்ஸில் இருக்கலாம், வோட்டுப் போடலாம், கேட்ட மேசையில் சாப்பிடலாம் என்பது. முதலாவது கையில் இருந்தும் இரண்டாவது கிடைக்காததால்தான் அந்த மக்கள் நடந்தார்கள். மச்சாள் மூன்று ஞாயிறு விடாமல் கேட்டது இதைத்தான். அந்தக் கொப்பியில் இருந்த நூற்றாண்டிலேயே அவர்தான் சரியான இடத்தில் விரலை வைத்திருந்தார். நான் அந்த விரலைத் தட்டிவிட்டுப் பாடமாக்கச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறே டோர்ட்மண்டுக்குப் போனேன். அம்மா இப்போது இல்லை. அண்ணை வேலைக்குப் போயிருந்தார். மச்சாள் தேத்தண்ணி ஊற்றினார். சொன்னேன், முழுவதும், மூச்சு வாங்க.

"ஓம், தெரியும்" என்றார்.

எப்போது தெரியும் என்றேன்.

"அண்டைக்கே. சோதினை அறையில இருந்த ரீச்சர் மனுசி சொன்னவ, ரெண்டும் ரெண்டு எண்டு. அதுக்குள்ள நேரம் முடிஞ்சுது."

வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். இருபது வருடம்! இருபது வருடம் அந்தப் பகிடியைத் தன் காதாலேயே கேட்டுக்கொண்டு தட்டோடு போய்வந்திருக்கிறார். ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று கிட்டத்தட்டச் சண்டைக்குப் போனேன்.

"சொன்னா ஆர் நம்புறது? நீர் பட்டம் படிக்கிற ஆள், கவிதை எழுதுற ஆள். பிழை உம்மட எழுத்தில எண்டு உங்கட அம்மாவுக்கு முன்னால நிண்டு நான் சொல்லியிருக்க வேணுமோ?" சீனிப் போத்தலை என் பக்கம் தள்ளினார். "உங்கட வீட்டில எனக்குக் குடியுரிமை இருந்தது மச்சாள். கட்டின நாளிலயிருந்து இருந்தது. நீர் இப்ப சொன்ன மற்றச் சொல்தான் இருக்கேல்லை."

மன்னியுங்கோ என்றேன். அதைக் கேட்டுத்தான் அவருக்கு எரிச்சல் வந்தது.

"பகிடியை ஊருக்கெல்லாம் சொன்னனீர். இதை மட்டும் என்ர காதுக்கை வந்து சொல்லுறீர்."

ஆகவே ஊருக்குச் சொல்லப் புறப்பட்டேன். அது நான் நினைத்ததைவிடக் கஷ்டம். பாதிப்பேருக்குப் பகிடி நினைவிருக்கிறது, திருத்தத்தைக் கேட்கப் பொறுமை இல்லை. "அது பழங்கதை, விடும்" என்கிறார்கள். ஒருவர், ஓ, அந்த விசாக் கதையோ என்று தொலைபேசியிலேயே சிரிக்கத் தொடங்கி, நான் சொல்லவந்த இடத்துக்கு வருமுன் மனைவியைக் கூப்பிட்டு, இன்னொருக்கால் முதலிலிருந்து சொல்லுங்கோ என்றார். நான் அவ்வளவு நன்றாகச் சொல்லி வைத்திருக்கிறேன். வாயால் சொன்னால் இனி எடுபடாது.

எழுத்தில் விட்ட பிழையை எழுத்திலேயே வைக்கிறேன். மச்சாள் அன்று தவறியது நான் எழுதிக் கொடுத்த சொல்லால். அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லியிருந்தால் அவர் மேலே போயிருப்பார். இந்த வருடத்தோடு அவருக்கு அறுபது. இப்போது தாதியருக்கு ஆளில்லை என்று அந்த இல்லத்தின் வாசலிலேயே பெரிய எழுத்தில் அறிவித்தல் தொங்குகிறது. அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு காலையும் உள்ளே போய், கீழே இறங்குகிறார்.