அவர் கொடுக்காத உத்தரவு

மேலாளர் மணியடித்து என்னைக் கூப்பிட்டதாக நினைவே இல்லை. அவர் கை மணிப்பக்கம் போகும்போதே நான் கதவருகில் நிற்பேன். மதுரைக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருடம் அவருக்கு உதவியாளனாக இருந்தேன். நான் எழுதி நீட்டும் கடிதத்தை அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். நல்ல ஊழியன் என்றால் இதுதான் என்று நம்பினேன்.

"அண்ணே, அவருக்குச் சளி புடிச்சா நீங்கல்ல தும்முறீங்க!" என்றார் ஸ்டோர்காரர் ஒருநாள் கேன்டீனில். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூக்கால் விடும் இரண்டு சின்ன மூச்சு. அது மேலாளருடைய சிரிப்பு. அன்றுதான் அதைக் கவனித்தேன்.

குரலும் அப்படி ஆகியிருந்தது. அவருடைய மனைவி ஒருமுறை போன் செய்தார். நான் "ஹலோ" என்றதும், "ஏங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். நான் அவரில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "போட்டுட்டேன், வையி" என்றேன். வைத்துவிட்டார். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலாளர் நாற்காலியில் சாய்ந்தபடி அரைமணி நேரம் தூங்குவார். ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அந்த நேரத்தில் இன்டர்காம் இரண்டாவது தடவை அடிக்காமல் எடுப்பது என் வேலை. அன்றும் எடுத்தேன். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் பேசினார்.

"சார், சரக்கு லிப்ட்டு வடத்துல நாலஞ்சு கம்பி தெறிச்சிருக்கு. நிப்பாட்டிரவா?"

எங்கள் ஆலையில் எதை நிறுத்துவதென்றாலும் மேலாளர் வாயால் சொல்ல வேண்டும். "கேட்டுச் சொல்றேன், இருங்க" என்று சொல்லிவிட்டு அவரைத் தட்டி எழுப்பியிருந்தால் போதும். எட்டும் தூரத்தில்தான் இருந்தார். ஆனால் மறுநாள் லாரியில் நூல் போயாக வேண்டும். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தேன்.

"ஓடட்டும்யா. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன், தணிந்த குரலில், அவருடைய இழுவையோடு.

"சரிங்க சார்."

வைத்துவிட்டுத் திரும்பினேன். தூக்கத்தில் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் பேசி முடித்த பிறகும் சற்று நேரம் அசைந்து, பிறகு நின்றன.

ஒரு மணி நேரத்தில் வடம் அறுந்தது. லிப்ட்டுக்குள் பிட்டர் மட்டும் இருந்தார். மற்றவர்களை ஏறவிடாமல் பாரத்தோடு தானே ஏறியிருக்கிறார். உயிர் பிழைத்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

விசாரணைக்கு ஊன்றுகோலோடு வந்தார். "சாரைக் கேட்டுட்டுத்தான் ஓட்டுனேன். சாரேதான் ஓடட்டும்னாரு" என்றார். மேலாளர் என் பக்கம் திரும்பினார். எது மறந்தாலும் என் முகத்தைப் பார்ப்பது அவர் வழக்கம்.

"நான் சொன்னேனாப்பா?"

"நீங்க சொல்லலை சார்."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அதை வைத்துத்தான் பிட்டரைப் பொய்யர் என்று முடிவு செய்தார்கள். ஆபத்து தெரிந்தும் லிப்ட்டை ஓட்டியதாக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன், மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு ஒரு மதியம் மேலாளர் திடுக்கிட்டு விழித்தார். "ஓடட்டும்னு சொன்ன மாதிரியே இருக்குப்பா. என் குரல் என் காதுலயே கேக்குது" என்றார். "கனவா இருக்கும் சார்" என்றேன். அதோடு மதியத் தூக்கத்தை விட்டுவிட்டார். அந்த அரைமணி நேரமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். போன மாதம் இறக்கும்வரை அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அவர் காரியம் முடிந்த வாரம் மாட்டுத்தாவணியில் பஸ் மாறிச் செல்லூருக்குப் போனேன். அங்கே பிட்டர் விசைத்தறிகளுக்குப் பழுது பார்க்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். வீடு அதன் பின்கட்டில்.

"வாங்கண்ணே. பெரியவரு போய்ட்டாராம்ல? நான் வரலை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரச் சொல்றீங்க?"

பக்கத்துத் தறிகளின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அன்னைக்கு இன்டர்காம்ல பேசுனது அவரில்லை. நான்தான்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அன்னைக்குச் சொன்னதத் திரும்பச் சொல்லுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். சொன்னேன். அவர் கையில் மயிர் சிலிர்த்து நின்றதைப் பார்த்தேன்.

"இம்புட்டு வருசமா அந்த மனுசனையில்ல வஞ்சுக்கிட்டிருந்தேன். எம் பொண்டாட்டியே என்னைய நம்பலைண்ணே. கால் போனதுக்கு நீ பண்ண தப்புதான் காரணம், பெரிய மனுசன் மேல பழியப் போடாதேன்னா." பிறகு, "எழுதிக் குடுங்க" என்றார்.

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். நடந்ததை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து வேலைநீக்கக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணே, கீழ பாருங்க."

இரண்டு தாளிலும் ஒரே கையெழுத்து. என் பெயருக்குப் பதில் நான் போட்டிருந்தது மேலாளருடைய கையெழுத்து. அதே வளைவு, அடியில் அதே இரண்டு புள்ளி. யோசித்துப் போடவில்லை. கை போட்டுவிட்டது.

"செத்தவரு எழுதிக் குடுத்தாருன்னா காட்டச் சொல்றீங்க?" அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தாளைக் கிழித்தார். "உங்க பேரைப் போடுங்க. அவசரமில்லை."

நடந்ததை மறுபடி எழுதினேன். என் பெயரில் முதல் எழுத்துக்குப் பிறகு பேனா ஓடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, இடைவெளி விட்டு, கோணல்மாணலாக எழுதி முடித்தேன். அவர் அதை வாங்கி, வீட்டுப் பக்கம் பார்த்து, "ஏய், இங்க வா. இதை வாசி" என்றார்.

அவருடைய மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்தினார். என்னை அவர் பார்க்கவில்லை. கணவருடைய காலைப் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து, மெதுவான குரலில், என் பெயர் வரை படித்தார்.