அசுரனைச் சாய்த்த துறட்டி

எங்கள் தாய்மாமனைப் போன்ற அசுரனை மொரீஷியஸில் எங்கள் குட்லண்ட்ஸ் பக்கம் யாரும் பார்த்திருக்க முடியாது. நாடு விடுதலை பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்த தீமிதித் திருவிழா அது. கோயில் நாடகத்தில் அசுரன் விழுந்த பிறகுதான் தீக்குழியில் நெருப்பு வைப்பார்கள். எங்கள் ஊர் வழக்கம் அப்படி.

மாமா சர்க்கரை ஆலையில் கொல்லர். மற்ற அசுரர்கள் அட்டையில் ஜிகினாத் தாள் ஒட்டிக்கொண்டு திருப்தியடைந்த காலத்தில், இவர் ஆலை கழித்துப்போட்ட இரும்புத் தகட்டை வெட்டி உடம்பெல்லாம் கவசம் பூட்டிக்கொண்டார். தலைக்கு வாளியைக் கவிழ்த்ததுபோல ஒரு கிரீடம், கண்ணுக்கு மட்டும் கீறல். பின்பக்கக் கட்டுகளுக்குக் கோணி நாடா தைத்து முடிச்சுப் போட்டவள் என் அம்மா. வெயிலில் தகதகவென்று அவர் நடந்து வந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. சாமியே பயந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவரை எதிர்த்த சேனாபதி என் அப்பா. ஒடிசலான உடம்பு, கையில் பலகை வாள். மூன்றாவது வெட்டில் அசுரன் விழவேண்டும் என்பது ஒத்திகை. அப்பா மூன்று வெட்டு வெட்டினார். வாள்தான் இரண்டாகியது. மூங்கில் வேலால் குத்தினார், நுனி பிய்ந்து பூவாக விரிந்தது. அசுரன் கைகளை ஆட்டிக் கர்ஜித்தான். மேளக்காரர்கள் உற்சாகமாக இன்னும் ஓங்கி அடித்தார்கள். கூட்டம் சிரித்தது. அப்பாவின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

யாரோ கரும்பு வெட்டும் கத்தியை நீட்டினார்.

"கத்தி வேணாம்! உள்ள இருக்கறது என் மச்சான்," என்றார் அப்பா.

அடுத்து அன்னதானக் கொட்டகையிலிருந்து உலக்கை வந்தது. வெட்டுக்கு மசியாத இரும்பு இடிக்கு மசிந்தது. 'டங்' என்ற சத்தத்தோடு மார்புத் தகடு உள்ளே குழிந்தது. அசுரன் தள்ளாடினான், ஆனால் விழவில்லை. முன்னைவிடப் பயங்கரமாக அலறினான். நானும் கை தட்டினேன். இப்படி ஒரு வீரன் என் மாமா என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அம்மா வந்தாள். முருங்கைக்கீரை பறிக்கிற துறட்டிக்கோல் அவள் கையில் இருந்தது. மேளக்காரர்களைப் பார்த்து, "நிறுத்துங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள். தோரணம் கட்டியதுபோக மிஞ்சிக் கிடந்த கரும்புத் தோகையைக் காலாலேயே வாரி மாமாவுக்குப் பின்னால் குவித்தாள். முழங்காலுக்குப் பின்னால் இரும்பு இல்லை, கோணிதான் என்பது தைத்தவளுக்குத் தெரியாதா! கொக்கியை அங்கே மாட்டினாள்.

"பா பெர், அண்ணே," என்றாள். பயப்படாதே என்று கிரியோலில். பிறகு மெல்ல இழுத்தாள்.

வாளும் வேலும் உலக்கையும் அசைக்காத மலை, கீரை பறிக்கிற கோலுக்குச் சாய்ந்து தோகைமேல் உட்கார்ந்தது. கூட்டம் கோயில் அதிரக் கூவியது. பூசாரி கற்பூரம் ஏற்றினார், குழியில் நெருப்பு வைத்தார்கள். புருஷனின் மானத்துக்காக அண்ணனையே வீழ்த்தியவள் என் அம்மா! அவளைத் தொட்டுப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவளோ யாரையும் பார்க்கவில்லை. தான் போட்ட முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கிரீடத்தைக் கழற்றியபோது மாமாவின் முகம் வெந்ததுபோல் சிவந்திருந்தது. மார்பில் தகடு அழுந்திய இடத்தில் தோல் கன்றியிருந்தது. அப்பா தண்ணீர்ச் செம்பை அவர் வாயருகே பிடித்தார்.

"எவ்ளோ நேரமா கூப்பிட்டே?" என்று அம்மா கேட்டாள்.

"மேளம் ஆரம்பிச்சதிலேருந்து. காலை மடக்க முடியல, விழவும் பயம்," என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாமா அழுதார்.

தோற்றுப்போனதற்கு ஒரு அசுரன் இப்படியா அழுவான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.