நீர்நாயை வீட்டுக்குக் கூட்டி வந்த டெல்பர்ட் ஹ்ருஷ்கா

வெல்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வரலாற்றை யாராவது எழுதினால் அதில் பயிற்சியாளர்கள் வருவார்கள், அறங்காவலர்கள் வருவார்கள், தோல்விகள் வரிசைகட்டி வரும். டெல்பர்ட் ஹ்ருஷ்கா மட்டும் வரமாட்டார். வரலாற்றுக்கு நேரவிருக்கும் அந்த அவமானத்தைத் துடைக்கவே இதை எழுதுகிறேன்.

டெல்பர்ட் ஓஹையோவில் பிறந்தார்; அங்கேயே வளர்ந்தார். மாநிலத்தைவிட்டு வெளியே போனது தேனிலவுக்கு ஒருமுறை, அதுவும் பக்கத்து இந்தியானாவுக்கு. அங்கேயும் இதே மக்காச்சோளம்தான் விளைகிறது என்று தெரிந்ததும் ஒருநாள் முன்னதாகவே திரும்பிவிட்டார். குழாய்ச் சாமான் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தது. வெல்ஃபோர்டில் அவர் ஒரு வகுப்புகூடப் படித்ததில்லை. அதனால்தான் அவர் விசுவாசம் அசைக்க முடியாததாக இருந்தது. படித்தவர்கள் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு சிகாகோவுக்குப் போய்விடுவார்கள். அணியின் ஆரஞ்சு பனியனை வருஷம் முழுவதும் போட்டுக்கொண்டு ஊரில் நிற்பவர்கள், உள்ளே நுழைய இடம் கிடைக்காதவர்கள்தான்.

அவர் மனைவி லோர்னா அங்கே படித்தவர். பல்கலைக்கழக வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்தவர். எந்த ஆட்டக்காரர் எந்தப் பக்கம் ஏமாற்றி ஓடப்போகிறார் என்பதை, அந்த ஆட்டக்காரருக்கே தெரிவதற்குமுன் சொல்லிவிடக்கூடியவர். எங்கள் அணியின் பெயர் நீர்நாய்கள். எதிரணியைப் பயமுறுத்துவதற்காக அல்ல, நதிக்கரையில் அப்போது அந்த ஒரு பிராணிதான் மிச்சம் இருந்தது என்பதற்காக வைத்த பெயர்.

இந்த நீர்நாய்களுக்குச் சொந்த வீடு கிடையாது. வளாகத்துக்குள் இருந்த பழைய மைதானத்தை எப்போதோ இடித்துவிட்டு, அங்கே நிர்வாகவியல் கட்டடம் எழுப்பினார்கள். ஒரு மைதானத்தைக்கூட நிர்வகிக்கத் தெரியாதவர்களுக்கு அது அவசியத் தேவைதான். அன்றிலிருந்து ஆட்டமெல்லாம் பன்னிரண்டு மைல் தள்ளி, நகரத்து ராட்சத ஸ்டேடியத்தில். அது ஒரு தொழில்முறை அணிக்காகக் கட்டியது. அந்த அணி வேறு மாநிலத்துக்குக் கம்பி நீட்டிவிட்டதால், எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. அறுபதாயிரம் இருக்கை, வருகிற கூட்டமோ சுமாரான ஒரு கல்யாணத்துக்கு வருகிற கூட்டம்.

ஒரு சனிக்கிழமை மழையில் நனைந்து வந்த லோர்னா, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "நம்ம பசங்க வாடகை வீட்டுல குடியிருக்காங்க, டெல். பேண்டு வாசிச்சா அந்தச் சத்தம் மேல போய்க் காணாமப் போயிடுது. காலேஜுக்குள்ளயே சின்னதா ஒரு மைதானம் போதும். நான் சாகறதுக்குள்ள அதுல ஒரு ஆட்டம் பார்த்துட்டாப் போதும்."

டெல்பர்ட் பிறந்தநாளை மறப்பவர், திருமண நாளையும் மறப்பவர். இதை மறக்கவில்லை. அந்த வாரமே 'நீர்நாயை வீட்டுக்குக் கூட்டி வா' இயக்கம் தொடங்கிவிட்டது. பனியன் அடித்தார்கள். வண்டிகளில் ஒட்டுப்படம் ஒட்டினார்கள். டெல்பர்ட் தலைவர், அவர் நண்பர் வெர்ன் துணைத்தலைவர். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இயக்கம் நடந்தது, அதாவது நின்ற இடத்திலேயே.

நின்ற இடம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகரத்து ஸ்டேடியத்துக்கு வெளியே இருந்த கார் நிறுத்துமிடம்தான். சனிக்கிழமை விடிந்ததும் டெல்பர்ட் தன் ட்ரக்கை அங்கே நிறுத்துவார். பின்கதவைக் கீழே தள்ளினால் அதுவே மேஜை. அடுப்பு, ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாம் இறங்கும். இதற்கு எங்கள் ஊரில் டெயில்கேட் என்று பெயர். கடுகு தடவிய சாசேஜும் பீரும் உருளைக்கிழங்கு வறுவலுமாக அந்த இடமே மணக்கும். ஆட்டம் தொடங்க வாத்தியம் முழங்கியதும் லோர்னா டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

"வர்றியா, டெல்?"

"நீ முன்னாடி போ. இந்தச் சாசேஜ் இன்னொரு பக்கம் வெந்ததும் வந்துடறேன்."

சாசேஜ் உருளையானது. அதற்கு எத்தனை பக்கம் என்று இதுவரை எந்தக் கணித மேதையும் சொல்லவில்லை. லோர்னா ஆட்டம் முடிந்து திரும்பி வந்து தோல்வியை விவரிக்கும்போதும் டெல்பர்ட் ஏதோ ஒரு பக்கத்தை வாட்டிக்கொண்டுதான் இருப்பார். அவர் மட்டுமல்ல, இயக்கத்தின் செயற்குழு மொத்தமும் வெளியேதான். மைதானம் வேண்டும் என்று தொண்டை வறளக் கத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் மைதானத்துக்குள் காலே வைத்ததில்லை. யாருக்கும் இது விசித்திரமாகத் தோன்றவில்லை. திருவிழாவுக்கு வருகிறவர்கள் எல்லாம் சாமி பார்க்கவா வருகிறார்கள்?

இதற்கிடையில் விளையாட்டுத் துறை இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். வரும்போது ஒவ்வொருவரும் பாரம்பரியத்தைப் பற்றிக் கண்கலங்குவார். பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புவார். வளாக மைதானம் சாத்தியமா என்று ஆராய ஒரு குழு போடுவார். இன்னொரு குழு போட்டு ஆராயலாம் என்று அந்தக் குழு ஆராய்ந்து சொல்லும். அதற்குள் அவரைப் பெரிய பல்கலைக்கழகம் ஏதாவது கூப்பிட்டிருக்கும். எங்கள் ஊரில் நிலைத்து நின்ற தலைமை என்றால் அது அந்த ஆராய்ச்சிக் குழுதான்.

கேண்டஸ் பிட்மன் வந்தபோதுதான் காற்று மாறியது. அந்த அம்மாள் ஆராய்ச்சிக் குழுவே போடவில்லை. நேராக டெல்பர்ட்டைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டெல்பர்ட், அறங்காவலர் குழுல இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. தலைவர் ஸ்டிக்னி மட்டும் வாயைத் திறக்கல. ரசிகர்கள் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுத்தான் ஓட்டுப் போடுவாராம். கூட்டத்துல நீங்க பேசணும்."

"நான் குழாய் விக்கிறவன், மேடம்."

"அதனாலதான் நம்புவாங்க. நான் பேசினா எனக்கே நம்பிக்கை வரமாட்டேங்குது."

வீட்டில் சொன்னதும் லோர்னா, பல வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்த கிளாரினெட்டை எடுத்து ஊதினார். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. டெல்பர்ட்டுக்குத் தெரிந்தவரை அந்த வீட்டில் அத்தனை சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை.

கூட்டத்தன்று மண்டபத்து வாசலில் மைதானத்தின் மாதிரி வடிவத்தை வைத்திருந்தார்கள். வெள்ளை அட்டையில் கிண்ணம் மாதிரி ஸ்டேடியம். சுற்றிலும் பொம்மை மரங்கள், கையைத் தூக்கிக் குதிக்கும் பொம்மை மனிதர்கள். லோர்னா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வாத்தியக் குழு உட்காரப்போகும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வெர்ன் குனிந்து வேறு எதையோ தேடினார்.

"டெல், இதுல வண்டி எங்கடா நிக்கும்?"

கேண்டஸ் சிரித்துக்கொண்டே விளக்கினார். வண்டிகள் மாட்டுச் சந்தைத் திடலில் நிற்கும். அங்கிருந்து பஸ். வளாகத்துக்குள் அடுப்பு கூடாது, பீர் கூடாது. அதற்குப் பதிலாக 'ரசிகர் கிராமம்' என்று ஒன்று வரும். அங்கே கோப்பையில் சாலட் கிடைக்கும்.

"சாலட்டா?" என்று கேட்டார் வெர்ன், சாவுச் செய்தி கேட்ட குரலில்.

டெல்பர்ட் அந்த அட்டை மைதானத்தையே வெறித்துப் பார்த்தார். குதிக்கும் பொம்மைகளில் ஒன்றின் கையிலும் சாசேஜ் இல்லை.

வெர்ன் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "இங்க பாரு. நீ ஆமான்னு சொன்னா, சனிக்கிழமை நாம எங்க நிக்கிறது? வேணாம்னு சொன்னா, லோர்னா உன்னை எங்க நிக்க வைப்பா? யோசிச்சுப் பேசு, தலைவரே."

"இருபது வருஷம் கத்தும்போது ஏன்டா இதைச் சொல்லல?"

"கட்டுவாங்கன்னு எவன்டா நினைச்சான்!"

உள்ளே முதலில் எதிர்ப்பாளர்கள் பேசினார்கள். சத்தம் வரும் என்றார் தெருக்காரர் ஒருவர். தத்துவப் பேராசிரியர் ஒருவர் கிரேக்கர்களில் தொடங்கினார். ரோமாபுரி வருவதற்குள் மணி அடித்து உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு டெல்பர்ட்டின் முறை. அறை முழுக்க ஆரஞ்சு பனியன். மூன்றாவது வரிசையில் லோர்னா. பேச்சை எழுதிக் கொடுத்தவரே அவர்தான் என்பதால் உதடுகள் கூடவே அசைந்தன.

டெல்பர்ட் நன்றாகவே தொடங்கினார். வாடகை வீடு என்றார். காணாமல்போகும் கிளாரினெட் சத்தம் என்றார். தெருக்காரர்கூடத் தலையாட்டினார். அப்போது ஸ்டிக்னி கையை உயர்த்தினார். நல்ல மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எண்பது வயதைத் தொட்டவர்.

"மிஸ்டர் ஹ்ருஷ்கா, பேச்சு போதும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சனிக்கிழமைன்னா உங்க ஆளுங்களுக்கு எது இல்லாம முடியாது?"

லோர்னா புன்னகைத்தார். வீட்டுக்கு மைதானமே வந்துவிட்டதுபோல இருந்தது அந்தப் புன்னகை. டெல்பர்ட் அதைப் பார்த்தார். அட்டைக் கிண்ணத்தை நினைத்தார். சாலட்டையும் நினைத்தார்.

"பார்க்கிங், சார்."

ஆரஞ்சு பனியன்கள் மொத்தமாக எழுந்து கைதட்டின. ஒரு பனியன் மட்டும் உட்கார்ந்தே இருந்தது.

ஸ்டிக்னியின் முகத்தில் நிம்மதி பரவியது. சண்டையில்லாமல் கட்டக்கூடிய ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது. கேண்டஸ் அரை நொடி விழித்தார். அந்த அரை நொடியில் தன் எதிர்காலத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "நாங்களும் அதைத்தான் முதல் கட்டம்னு வச்சிருந்தோம்" என்றார். முதல் கட்டத்தில் வளாகத்துக்குள் மாபெரும் கார் நிறுத்துமிடம். அடுப்புக்கும் பீருக்கும் அனுமதி. ஆட்டத்தைக் காட்டப் பெரிய திரை. மைதானம் இரண்டாம் கட்டத்தில். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சத்தம் நகரத்திலேயே நின்றுவிடும் என்பதால் தெருக்காரரும் ஓடிவந்து டெல்பர்ட்டின் கையைக் குலுக்கினார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது லோர்னா சொன்னார்: "உன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, டெல்."

கோடைக்குள் வேலை முடிந்துவிட்டது. தார் போட்டு, வெள்ளைக் கோடு இழுத்து, நுழைவாயிலில் வளைவு வைத்து, 'நீர்நாய் வீட்டுக்கு வந்துவிட்டது' என்று எழுதினார்கள். கேண்டஸ் நாடா வெட்டினார். ஈரம் காய்வதற்குள் தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. "ஒரு மைதானத்துல கஷ்டமான பகுதி பார்க்கிங்தான். அதை முடிச்சுக் கொடுத்துட்டேன்" என்று விடைபெற்றார். நீர்நாய்கள் மட்டும் பழையபடி பன்னிரண்டு மைல் தள்ளியே ஆடின.

முதல் சனிக்கிழமை. டெல்பர்ட்டுக்கு வளைவுக்கு நேர்கீழே கௌரவ இடம். பின்கதவு இறங்கியது, அடுப்பு எரிந்தது, ஊரே அங்கேதான் இருந்தது. லோர்னா ஆரஞ்சு பனியனும் கையில் டிக்கெட்டுமாக வந்து நின்றார்.

"சாவி குடு."

"எதுக்கு?"

"ஆட்டத்துக்குப் போகணும்."

"அதான் பெரிய திரை வச்சிருக்காங்களே, லோர்னா."

"டிவி வீட்டுலயே இருக்கு."

டெல்பர்ட் அடுப்பை இறக்கினார், ஐஸ்பெட்டியை இறக்கினார், நாற்காலிகளை இறக்கினார். லோர்னா பின்கதவைத் தூக்கி அறைந்து சாத்தினார்.

"அந்தக் கதவை மட்டும் கழட்டி வச்சுட்டுப் போயேன்" என்றார் வெர்ன்.

"உன் வாயை முதல்ல கழட்டி வை."

ட்ரக் போய்விட்டது. வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே அடுப்பும் டெல்பர்ட்டும் மட்டும் நின்றார்கள். மஞ்சள் கோட்டு போட்ட காவலாளி ஒருத்தி வந்தாள்.

"வண்டி இல்லாம இடத்தைப் பிடிச்சு வைக்கக் கூடாது, சார்."

"அம்மா, இந்த இடம் வந்ததே என்னாலதான். நான் இயக்கத் தலைவர்."

"தலைவராவே இருங்க, வேணாங்கல. வண்டி எங்க?"

டெல்பர்ட் துணைத்தலைவரைப் பார்த்தார். துணைத்தலைவர் ஏற்கெனவே தன் மச்சானின் வண்டிக்கு, அந்த இடத்துக்குள் பின்னால் வரச்சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தார். "இடம் வீணாகக் கூடாதுல்ல, தலைவரே. வலது பக்கம் ஒடி, வலது பக்கம்!"

வளாகத்திலிருந்து ஸ்டேடியத்துக்கு ஒரு பஸ் ஓடியது. அன்று அதில் ஏறியவர் டெல்பர்ட் ஒருவர்தான். "இன்னிக்கு ஆட்டம் இருக்கு, தெரியுமில்ல?" என்று ஓட்டுநர் கரிசனத்தோடு எச்சரித்தார்.

லோர்னாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அறுபதாயிரம் காலி இருக்கைக்கு நடுவே ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி. அந்தப் புள்ளி எழுந்து நின்று, நடுவரின் கண்பார்வையைப் பற்றிச் சில சந்தேகங்களை உரக்கக் கிளப்பிக்கொண்டிருந்தது. டெல்பர்ட் ஏறிப்போய் முன்னால் நின்றார். கையில், காகிதத்தில் சுற்றிய இரண்டு சாசேஜ். பஸ்ஸில் வரும்போது ஒரு மன்னிப்பு தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இதுல நாம யாரு?"

"ஆரஞ்சு."

"ஜெயிக்கிறோமா?"

"என்னிக்கு ஜெயிச்சோம்?"

டெல்பர்ட் மன்னிப்பைத் தொடங்கத் தொண்டையைக் கனைத்தார். "லோர்னா, அன்னிக்குக் கூட்டத்துல நான்..."

லோர்னா ஒரு சாசேஜை வாங்கிக்கொண்டார். கண் மட்டும் ஆட்டத்தைவிட்டு அகலவில்லை.

"மறைக்குது, டெல். உட்காரு."