பஸ் ஏற்றிவிட்ட அக்கா

கோவில்பட்டியில் ஒரு கிளை நூலகத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலை செல்வமாரிக்கு. காலை எட்டரைக்கு வந்துவிடுவாள். பேப்பர் படிக்கிற பெரியவர்கள் வருவதற்குள் பெஞ்சுகளைத் துடைத்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட வேண்டும். கரிசல்காட்டுக் காற்றுக்கு எத்தனை துடைத்தாலும் மத்தியானம் மறுபடி புழுதி படிந்திருக்கும். முப்பத்தாறு வயது. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. புருஷன் மந்திரமூர்த்தி லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

எட்டாவதோடு நின்றவள் புத்தகம் படிக்கிறாள் என்பதே நூலகர் அய்யாத்துரைக்கு ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், அவள் கேட்டு வாங்குகிற புத்தகங்கள்.

"சார், சின்னப் பிள்ளைக தனியா ஊரவிட்டுப் போற கதை வேற ஏதும் வந்திருக்கா?"

"போன வாரந்தானம்மா ஒண்ணு கொண்டுபோன. அழுவாச்சிக் கதையாவே கேக்குத."

"இருந்தா குடுங்க சார்."

ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால், கழுகுமலைக்குப் பக்கத்து ஊரில் அவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அம்மா, செல்வமாரி, தம்பி இசக்கிபாண்டி. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வருஷம் மழை இல்லை. விதைத்த உளுந்து முழங்கால் உயரம்கூட வராமல் கருகியது. அம்மாவுக்கு இளைப்பு, நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். பதினாறு வயது செல்வமாரி தீப்பெட்டி கம்பெனிக்குப் போய் வந்தாள். பன்னிரண்டு வயது இசக்கிபாண்டி பள்ளிக்கூடத்துச் சத்துணவை மத்தியானம் தின்றுவிட்டு, ராத்திரி பசிக்கவில்லை என்று படுத்துக்கொள்வான்.

ஒரு நாள் விடியற்காலை கம்பெனி வேனுக்காக ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் அவள் நின்றபோது, புளியமரத்துக்கு அந்தப்பக்கம் அவன் நின்றான். கையில் மஞ்சள் பை.

"ஏலே, எங்கல போற?"

"யக்கா, சத்தம் போடாத. வடக்க முறுக்குக் கம்பெனிக்குப் போறேன். மூணு வேளையும் சோறு போடுதாவளாம்."

"யாரு கூட?"

"யாரு கூடவும் இல்ல. கோவில்பட்டில ரயிலேறுனா மதுரை. அங்கன இருந்து வேற ரயிலு. நான் விசாரிச்சுட்டேன். அம்மாட்ட சொல்லிராத. நீ சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பஸ் தூரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. சட்டையைப் பிடித்து இழுத்து வீட்டுக்கு விரட்டியிருக்கலாம். அவன் அவள் தோள் உயரம்கூட இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் ஒரு வாய் குறையும். அதை நினைத்துவிட்டு, அவன் கேட்ட சத்தியத்தைப் பண்ணினாள். தன் தூக்குவாளியில் இருந்த சோற்றை அவனிடம் கொடுத்தாள். படி உயரமாக இருந்தது. பையை வாங்கிக்கொண்டு, முதுகில் கை கொடுத்து ஏற்றிவிட்டு, பையை உள்ளே நீட்டினாள்.

"தீவாளிக்கு வந்துரணும்ல."

"வந்துருவேன்க்கா."

அன்று சாயங்காலம் அம்மா தெருத்தெருவாகத் தேடினாள். செல்வமாரியும் கூடவே போய்த் தேடினாள். முறுக்குக் கம்பெனிக்கு ஓடியிருப்பான், எல்லாப் பயல்களும் தீபாவளிக்குத் திரும்பிவிடுவார்கள் என்று ஊரில் தேற்றினார்கள். போலீசுக்கு யாரும் போகவில்லை. தீபாவளி வந்தது. அதற்கடுத்த தீபாவளியும் வந்தது. முதலில் சத்தியத்துக்காகச் சொல்லாமல் இருந்தவள், பிறகு பயத்தில் சொல்லாமல் இருந்தாள். எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டானே என்று சொல்லிச் சொல்லியே ஆறாவது வருஷம் அம்மா செத்துப்போனாள். கட்டிக்கொண்டவனிடமும் செல்வமாரி சொன்னதில்லை.

நூலகத்துக்கு வேலைக்கு வந்த புதிதில்தான் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. அட்டையில் ரயில் வாசலில் தனியாக ஒரு பிள்ளை. துடைப்பதற்கு எடுத்தவள் நின்றபடியே ஏழெட்டுப் பக்கம் படித்துவிட்டாள். அன்றிலிருந்து விடவில்லை. தம்பி போன வழி எதிலாவது எழுதியிருக்கும் என்று நினைத்தாள். சில கதைகளில் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். சிலவற்றில் யாரோ ஒரு டீக்கடைக்காரர் பன் கொடுத்துக் காப்பாற்றினார். சிலவற்றில் கடைசிப் பக்கத்தில் பிள்ளை செத்துப்போனது. அவற்றை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவாள். எழுதுகிறவர்கள் எல்லோரும் பிள்ளையோடு சேர்ந்து தாங்களும் ரயில் ஏறிவிட்டார்கள். ஏற்றிவிட்டு நின்றவள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வருஷம் அய்யாத்துரை ஒரு புது நாவல் கொடுத்தார். எழுதியவர் கிருஷ்ணப்ரியா, சென்னைக்காரர். கரிசல் பக்கத்திலிருந்து முறுக்குக் கம்பெனிக்குப் போகிற ஒரு பையனின் கதை. இடதுகைக்காரன். இசக்கிபாண்டியும் இடதுகைதான். ஐம்பதாவது பக்கத்தில் அந்தப் பையன் சொல்கிறான்: 'எங்கக்காதான் பஸ் ஏத்திவிட்டா. அவ யார்ட்டயும் சொல்ல மாட்டா.'

செல்வமாரி அந்த வரியை மறுபடி படித்தாள். அது அவளையும் தம்பியையும் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியானால் அவன் யாரிடமோ சொல்லியிருக்கிறான். சொல்ல உயிரோடு இருந்திருக்கிறான்.

நாவலின் முடிவில் அந்தப் பையன் வளர்ந்து, ரயில்வே கேட் பக்கத்தில் சொந்தமாகப் பலகாரக் கடை போட்டு, கல்யாணமும் முடிக்கிறான். அந்தக் கடைசி அத்தியாயத்தை அவள் எத்தனை தரம் படித்தாள் என்று கணக்கில்லை. ஒரு வருஷம் முழுக்க அந்தக் கடையை நினைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருக்கே என்றான் மந்திரமூர்த்தி.

இந்த ஆனி மாதம் கிருஷ்ணப்ரியாவே நூலகத்துக்குப் பேச வந்தார். கூட்டம் முடிகிற வரைக்கும் செல்வமாரி சுவரோரம் நின்றாள். எல்லோரும் போன பிறகு புத்தகத்தை ஐம்பதாவது பக்கத்தில் விரித்து நீட்டினாள்.

"இதச் சொன்ன பையன் எங்கன இருக்கான் மேடம்?"

கிருஷ்ணப்ரியா வரியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அது பையன் இல்லம்மா. நாவலுக்காக நிறையப் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினேன். இதைச் சொன்னது ஒரு பொண்ணு. ஒடிசாவிலிருந்து தனியா வந்து ஒரு மில்லுல வேலை பார்த்துச்சு. அக்கா ரயில் ஏத்திவிட்டான்னு சொல்லுச்சு. நான்தான் பஸ்ஸுன்னு மாத்தினேன்."

"இடது கை?"

"அது வேற ஒரு பையன். சேலத்துப் பக்கம்."

செல்வமாரி புத்தகத்தை மூடினாள்.

"அந்தப் பொம்பளப் பிள்ள இப்ப எங்க இருக்கு?"

"தெரியலம்மா. அடுத்த தடவை போனப்ப அங்க இல்ல."

"அப்ப அந்தக் கடை?"

"நான் எழுதினதுதான். அப்படி முடியணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு."

எங்கோ ஒடிசாவில் இன்னொருத்தி இதே மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று செல்வமாரிக்குத் தோன்றியது. அந்த நினைப்பில்தானோ என்னவோ, இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததை அறிமுகமில்லாத அந்த எழுத்தாளரிடம் சொன்னாள். விலக்கு, மஞ்சள் பை, தூக்குவாளி, ஒரு வாய் குறையும் என்று நினைத்தது, ஒன்றையும் விடவில்லை. கிருஷ்ணப்ரியாவின் கண் கலங்கியது. பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"எழுதாதீங்க மேடம்," என்றாள் செல்வமாரி. "எழுதுனா அவன எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துருவீங்க."

அவர் நோட்டை மூடி வைத்தார். போலீசில் இப்போதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்குப் போய் மந்திரமூர்த்தியிடமும் சொன்னாள். "ஸ்டேஷனுக்கு நானும் வாரேன்," என்றான் அவன்.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் பொறுமையாகக் கேட்டாள். "இப்ப அவருக்கு முப்பத்திரெண்டு வயசாச்சேக்கா. சின்னப் பையனக் காணோம்னு எழுத முடியாதுல்லா. சரி, போட்டோ ஏதும் இருக்கா?"

இருந்தது ஒன்றுதான். ஆறாம் வகுப்பில் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்த படம். ஊருக்குப் போய், அவனோடு படித்த ஒருவன் வீட்டில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். நாற்பது பிள்ளைகள், ஒவ்வொரு முகமும் உளுந்தளவு. மழைத்தண்ணீர் இறங்கிப் பாதி வெளுத்திருந்தது.

"இதுல எது உங்க தம்பி?"

செல்வமாரி மேல்வரிசையில் விரலை வைத்தாள். எடுத்தாள். பக்கத்துப் பையன் மேல் வைத்தாள். அவனுக்கும் அதே காது, அதே எண்ணெய் வழிகிற தலை. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"இவனாக்கா? இல்ல, இவனா?" என்று கேட்டாள் அந்தப் பெண் போலீஸ்.

"கொஞ்சம் பொறுங்கம்மா, சொல்லுதேன்," என்றாள் செல்வமாரி.