புலிகுத்திக்கல்லுக்கு ஏற்றிய சூடம்

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். ராஜபாளையம் பக்கத்திலிருந்து போனவன் என்பதால் எல்லோருக்கும் நான் 'அண்ணாச்சி'தான். பெயரை ஒருவரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காயின் பாக்ஸில் ஊருக்குப் பேசி முடித்தால், அப்புறம் பேச ஆளிருக்காது.

பெருமாநல்லூர் சாலையோரம் கத்தி பிடித்த ஒருவரைச் செதுக்கிய கல் நின்றது. பக்கத்திலிருந்த தேய்ந்த மிருகத்தை நாய் என்று எடுத்துக்கொண்டேன். நம் கருப்பசாமி இங்கேயும் இருக்கிறாரே என்று, வேஸ்ட் பனியன் துணியால் கல்லைத் துடைத்து, வாராவாரம் சூடம் ஏற்றினேன்.

ஒரு ஞாயிறு அங்கே புதுப் பலகை நட்டிருந்தார்கள். 'புலியுடன் போரிட்டு இறந்த வீரனின் நடுகல். பெயர் தெரியவில்லை.'

எதிர் டீக்கடை அம்மாவிடம் கேட்டேன். "ஆமாங்க, புலிகுத்திக்கல்லுங்க. சாமி இல்லீங்க" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஆசையா கும்புடறீங்க. எதுக்குங்க கெடுக்கோணும்?"

கையிலிருந்த சூடத்தை ஏற்றினேன். அன்று எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. குனிந்து, என் பெயரை மட்டும் கல்லில் நின்றவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.