மோட்டார் கொட்டாய்க்கு நூறடி

திருக்கனூர் கடைத்தெருவில் கரும்புச்சாறு வண்டிக்காரர் மோட்டாரைப் போட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. இடது கை மரத்துப்போய்க் கண் இருட்டியது. மாரடைப்பு என்று நினைத்துப் பக்கத்துக் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பின் பதிவு) எடுத்தார்கள். சரியாக இருந்தது. அடுத்த சில வாரங்களில் இன்னும் இரண்டு முறை அப்படியே அங்கே ஓடினேன். மூன்றாம் முறை டாக்டர் தாளை மடித்து வைத்துவிட்டு, “வீட்ல சமீபத்துல ஏதாவது நடந்துச்சா?” என்று கேட்டார்.

என் மனைவி கலாதான் பதில் சொன்னாள். “இவரு தம்பி சேகரு, வயல்ல மோட்டார் கொட்டாயில கரண்ட் அடிச்சி செத்துட்டாரு சார். இவருதான் மொதல்ல போயி பாத்தாரு.”

எனக்கு வந்தது பீதித் தாக்குதல் (ஆபத்து இல்லாத நேரத்திலும் ஆபத்தென்று எண்ணி உடம்பு பதறுவது) என்றார் டாக்டர். மாத்திரை எழுதி, மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார். வெளியே வந்ததும் கலாவிடம் கத்தினேன். “நான் இன்னா பைத்தியமா?”

“யாரு அப்படிச் சொன்னா? கரும்பு காயுது. எத்தினி நாளைக்கு நானே போயி பயந்துனு மோட்டார் போடறது?” என்றாள். அவளுக்கும் பயம் இருந்தது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆலோசகர் பெயர் ஷமீமா. திருக்கனூரில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள். நான் அவரை மேடம் என்றேன். அவர் என்னை அண்ணா என்றார். போனதும் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்வார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன்.

“அத இன்னைக்குச் சொல்ல வேணாம்ணா. எப்ப சொல்லணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். இப்ப உடம்புல எங்க பண்ணுதுன்னு மட்டும் காட்டுங்க.”

மேல்வயிற்றைக் காட்டினேன்.

“பேசும்போது கையத் தூக்கினா நிறுத்திடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்” என்றார். முதல் சில வாரங்களில் பலமுறை கை தூக்கினேன். ஒருமுறைகூட அவர் வாக்கு மாறவில்லை. மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடவும், தரையில் இரண்டு பாதங்களும் படிவதைக் கவனிக்கவும் பழக்கினார். கேட்கும்போது சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. ஆனால் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

பிறகு படிப்படியான எதிர்கொள்ளல் (பயப்படுவதைச் சிறிது சிறிதாக நெருங்கும் சிகிச்சை) பற்றிச் சொன்னார். கடைசிப் படி, நானே மோட்டார் போடுவது. ஆனால் தொடங்கும் முன் ஒன்று கேட்டார்.

“எலக்ட்ரீஷியனக் கூட்டினு போயி ஒயரு, எர்த்து எல்லாம் பாத்தீங்களா?”

“இல்ல மேடம். கசிஞ்ச ஒயர மட்டும் அப்பவே மாத்தினாங்க.”

“அதப் பாக்காம உங்கள அங்க போகச் சொன்னா தப்புண்ணா. நெஜமாவே ஆபத்து இருந்தா பயம் இருக்கத்தான் செய்யணும்.”

எல்லோரும் என்னிடம் பயப்படாதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். என் பயத்திலும் நியாயம் உண்டு என்று சொன்ன முதல் ஆள் அவர். அந்த வாரமே வயரிங்கை மாற்றி, மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சும் வைத்தேன்.

முதலில் செல்போனில் மோட்டார் சத்தம் கேட்டேன். பிறகு ஒரு காலை வேளையில் அவரே வயலுக்கு வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு வரப்பில் நின்றார். கொட்டாய் நூறடி தூரத்தில் இருந்தது. உள்ளே கலா மோட்டாரைப் போட்டாள்.

“பயம் பத்துக்கு எத்தினிண்ணா?”

“ஒம்போது.”

நின்றோம். சட்டை நனைந்தது. “இப்ப?” “எட்டு.” நான்கு என்று சொல்லும்வரை அவர் அவசரப்படவில்லை. பிறகு, “இன்னைக்கு இது போதும்” என்றார்.

திரும்பும் வழியில் நானாகவே சொன்னேன். அன்று மோட்டார் போட வேண்டியவன் நான். டீ குடித்துக்கொண்டே, “டேய் சேகரு, நீ போயி போட்டுட்டு வாடா” என்று அனுப்பியவனும் நான். எட்டு மாதமாகக் கலாவிடம்கூடச் சொல்லவில்லை.

உங்கள் தப்பு இல்லை என்று அவர் சொல்லவில்லை. “கரண்ட் கசியறது அப்ப உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரிஞ்சிருந்தா அவன விட்டிருப்பனா?”

நானே சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சேகரின் மனைவி தேவியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தது நான்தான். சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“எனக்குத் தெரியும் மாமா. ‘அண்ணன் போடச் சொல்லுது, போயிட்டு வந்துடறேன்’னு சொல்லிட்டுத்தான் போனாரு.”

“ஏம்மா ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா அவரு வரவா போறாரு? நீங்களும் படுத்துட்டா எங்களுக்கு யாரு இருக்கா?”

ஒரே வீட்டில் இருந்து எட்டு மாதமும் எனக்குச் சோறு போட்டவள் அவள். என்னால் தலைநிமிர முடியவில்லை. அன்றைக்கு உடம்பில் எதுவோ தளர்ந்தது.

என்னைப் போல ஈ.சி.ஜி. தாள்களோடு அலைபவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கை உயர்ந்தால் நிறுத்தும் ஆலோசகர் கிடைத்தால் விடாதீர்கள். மாத்திரையை டாக்டர் சொல்லும் முன் நிறுத்தாதீர்கள்.

இப்போது மோட்டாரை நானே போடுகிறேன். சுவிட்சில் கை வைக்கும்போது நெஞ்சு இன்னும் தடதடக்கும். அதை விரட்டுவதில்லை. வரப்பில் நின்று தண்ணீர் போவதைப் பார்க்கிறேன். தொடக்கத்தில் ஐந்தாவது கரும்புச் சால் (கரும்பு வரிசைகளுக்கு இடையே தண்ணீர் ஓடும் பள்ளம்) நிறையும்வரை துடிப்பு அடங்காது. நேற்று இரண்டாவது சாலில் தண்ணீர் ஏறும்போதே அடங்கிவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மடையைத் திறக்கப் போனேன்.