கேட்டுக்கு வெளியே ஒரு வாரிசு

ஆறுச்சாமி உள்ளே வரமாட்டார். கேட்டுக்கு வெளியே நின்று, கழுத்தை நீட்டி, கூரையில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு வேலியோரமாகக் காலடி வைத்து நீளத்தை அளப்பார். மாதம் ஒரு ஞாயிறு பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி நெல்லியாளம் வருகிறவர், போன தடவை அளந்த அதே வேலியைத்தான் இந்தத் தடவையும் அளக்கிறார். வேலி வளரவில்லை என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு.

"ஏனுங்க, இது எங்கண்ணன் ஊடுங்க. கூடப்பொறந்தவன் நாந்தானுங்களே" என்று வழியில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வார். யாரும் மறுத்ததில்லை. அண்ணன் நஞ்சப்பன் இருபத்தாறு வருஷம் இங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அந்த இருபத்தாறு வருஷத்தில் கூடப்பிறந்தவர் மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதில்லை. மலைக்குளிர் ஆகாதாம். நஞ்சப்பன் இறந்த மூன்றாம் நாள் வந்தார். குளிர் எப்படியோ ஒத்துக்கொண்டது. பட்டா எங்கே என்பதுதான் முதல் பேச்சு. அண்ணன் எப்படிச் செத்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

வீட்டில் இப்போது இருப்பவர்கள் மருதாம்பாளும் காத்தமுத்துவும். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இருவருக்கும் சொந்தம் என்று யாருமில்லை. தனி ஆளாகப் போனால் இந்தியாவில் வீடும் கிடைக்காது, வேலையும் கிடைக்காது என்று யாரோ சொல்ல, குடும்ப அட்டையில் அக்கா, தம்பி என்று எழுதிக்கொண்டார்கள். எழுதியதைப் பிறகு காப்பாற்றினார்கள். நஞ்சப்பன் டைஃபாய்டில் கடைக்குள் தனியாகக் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தார்கள். தேறியதும் அவர் தன் வீட்டுப் பின்கட்டை அவர்கள் குடியிருக்கத் திறந்துவிட்டார். அந்தக் குடும்பத்தின் வரலாறு அவ்வளவுதான். கடைசி எட்டு மாதம் அவரைத் தூக்கி உட்காரவைத்தவன் காத்தமுத்து. முகம் துடைத்தவள் மருதாம்பாள். பக்கத்து வீட்டிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

"அட்டைல ஒட்டுன ஒறவெல்லாம் ஒறவாகுமாங்க? ரத்தம்னு ஒண்ணு இருக்குதுல்லங்க" என்பார் ஆறுச்சாமி. நஞ்சப்பனுக்கு ரத்தம் தேவைப்பட்ட வாரம் ஆறுச்சாமி வீட்டுப் போனை யாரும் எடுக்கவில்லை.

தேயிலை விலை சரிந்து, ஃபாக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்ட ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறது. இவர்கள் இருவருக்கும் தோட்ட வேலை போய்விட்டது; இந்தக் கூரையும் போனால் பஸ் ஸ்டாண்டுதான். அது தெரிந்துதான் ஆறுச்சாமி டீக்கடையில் உட்கார்ந்து, செத்துப்போன அண்ணன் பின்கட்டில் இருமுவதாகக் கதை கட்டினார். பயந்து ஓடிவிடுவார்கள், வீட்டை விற்றுவிடலாம் என்ற நினைப்பு.

கதை மருதாம்பாளிடம் வந்து சேர்ந்தது. "இருமுறாரா? உசிரோட இருந்தப்பவும் விடியவிடிய இருமுனாரு. எனக்குப் பழக்கந்தான்" என்றாள்.

"சும்மா இருமுனா எப்படிக்கா? வெறகு பொளந்து குடுக்கச் சொல்லு" என்றான் காத்தமுத்து.

ஓடியவர்கள், வீடு வாங்க வந்தவர்கள். மூன்று பேர் அந்த இருமலைக் கேள்விப்பட்டே திரும்பிப் போனார்கள். ஆறுச்சாமி இப்போது பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்று அதே டீக்கடையில் சத்தியம் செய்கிறார். ஆனால் சொல்லிச் சொல்லி அவரையே அந்தக் கதை பிடித்துக்கொண்டது. பட்டப்பகலிலும் கேட்டைத் தாண்டக் கால் வருவதில்லை.

போன ஞாயிறு கூடலூரிலிருந்து ஒரு மரக்கடைக்காரர் ஜீப்பில் வந்தார். வீடு பிடித்திருந்தது. கதையும் அவர் காதுக்குப் போயிருந்தது.

"ஒண்ணுமில்லேன்னு நீங்கதானே சொல்றீங்க? அப்போ பின்கட்டு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. இப்பவே அட்வான்ஸ். போகலேன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"இதென்னங்க பெரிய காரியம், எங்கூடுதானுங்களே!" ஆறுச்சாமி சிரித்துக்கொண்டே கேட்டில் கை வைத்தார்.

கதவு திறந்தது. மருதாம்பாள் வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு பின்கட்டுப் பக்கம் திரும்பி, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"அண்ணே, ஒங்க தம்பி வந்திருக்காரு."

ஆறுச்சாமியின் கை கேட்டை விட்டது. இரண்டடி பின்னால் போய், தலையைக் குனிந்து, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார்.